விடிய நிறுத்த மீன் நேத்தைய கணக்கில: சேர்வரும் பிரிண்டரும் குழப்பினா எங்க பாக்கிறது

முதல்ல செட்டப்ப சொல்லிடுறன், இல்லாட்டி கீழ எழுதுறது விளங்காது. திருகோணமலை டவுனில டொக்யார்ட் ரோட் பக்கம் ஒரு மீன் மொத்த யாவாரியின்ர ஒஃபிஸ். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எண்டு நாலு கரையில மீன் நிறுக்கிற ஆக்கள் நிப்பாங்க, ஆளுக்கொரு அண்ட்ரொய்ட் போன். மீன் வகை, கிலோ, விலை, படகு நம்பர் எல்லாம் ஆப்ல போட்டா ஒஃபிஸ் சேர்வருக்கு வரும். ஒஃபிஸ் கரையில நிறுக்கிறதுக்கு உடன ரோல் பேப்பர்ல துண்டு அடிக்கணும், பின்னேரம் ஏ4 ல நாள் ரிப்போர்ட் வரணும். சேர்வர் எண்டா பெரிசா ஒண்டுமில்ல, 8 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டொப், எஸ்எஸ்டி, உபுண்டு, எந்ஜின்எக்ஸ் எண்டுற வெப் சேர்வர், மைஎஸ்கியூஎல் எண்டுற டேட்டாபேஸ். இதுக்கு அது தாராளம்.

கமாண்ட் பேரெல்லாம் தமிழ்லதான் எழுதுறன், அடிக்கேக்க நீங்க ஆங்கிலத்தில அடிச்சுக்கொள்ளுங்க. இன்னொண்டு, ஆரும் போன் பண்ணி "சேர்வர் வேலை செய்யுதில்ல" எண்டு சொன்னா உடன ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. ஸ்கிரீன படம் எடுத்து அனுப்ப சொல்லுங்க, பேப்பர்ல பிழை எண்டா பேப்பர படம் எடுக்க சொல்லுங்க. அந்த படத்திலயே பாதி விடை கிடக்கும், ரீஸ்டார்ட் பண்ணினா அதுவும் அழிஞ்சு போயிடும்.

ஆப் "சேர்வர் கிடைக்கல" எண்டு சொல்லுது

இதில முதல் பாக்கிறது எவ்வளவு நேரத்தில பிழை வருது எண்டுறத. அமத்தின உடன டப் எண்டு வந்தா போன் அந்த மெஷினுக்கு போயிட்டு, ஆனா அந்த போர்ட்ல (புரோகிராம் கேட்டுக்கொண்டு இருக்கிற கதவு நம்பர்) ஆருமே காத்துக்கொண்டு இல்ல, அதாவது புரோகிராம் ஓடுதில்ல, இல்லாட்டி வேற போர்ட். அரை நிமிஷம் சுத்தி சுத்தி பிறகு பிழை வந்தா போற வழியிலயே அடைப்பு: ஐபி பிழை, ஃபயர்வோல், இல்லாட்டி வேற வைஃபை. இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்காம தேடினா ஒரு நாள் போயிடும்.

உடன பிழை வருது எண்டா சேர்வர்ல எஸ்எஸ் கமாண்ட அடிச்சு எந்த விலாசத்தில கேட்டுக்கொண்டு இருக்கு எண்டு பாருங்க. 127.0.0.1:8080 எண்டு கிடந்தா அது தனக்குள்ளயே மட்டும் கதைக்குது, வெளியால வாற ஆக்கள கண்டுக்காது, அத 0.0.0.0 எண்டு மாத்தணும். ஆப் எழுதின தம்பி டெஸ்ட் பண்ணேக்க போட்ட லோக்கல்ஹோஸ்ட் அப்படியே ஆப்புக்குள்ள கிடக்கிறதும் வழமை. போன்ல லோக்கல்ஹோஸ்ட் எண்டா அந்த போனேதான், போன் தன்னட்டயே டேட்டா கேட்டுக்கொண்டு இருக்கும்.

எது எண்டாலும் போன்ர பிரவுசர்ல சேர்வர் ஐபிய அடிச்சு பாருங்க. பிரவுசர்ல வருது ஆப்ல மட்டும் வருதில்ல எண்டா அனேகமா இது அண்ட்ரொய்ட் 9 விவகாரம், அதில இருந்து எஸ் இல்லாத வெறும் எச்டிடிபி தொடர்ப ஆப்புகளுக்கு அது தானாவே மறிக்கும், ஒண்டில் சேர்வருக்கு எச்டிடிபிஎஸ் சேர்டிஃபிகேட் போடணும் இல்லாட்டி ஆப்ர செட்டிங்ல அந்த ஒரு விலாசத்துக்கு மட்டும் அனுமதி குடுக்கணும். பிரவுசர்லயும் வருதில்ல, சுத்திக்கொண்டே இருக்குது எண்டா சேர்வர்ர ஐபி மாறியிருக்கும். கரண்ட் போய் வந்து ரவுட்டர் புது நம்பர் குடுத்திருக்கும், நேத்து 192.168.1.50 இண்டைக்கு 192.168.1.53. ரவுட்டர்லயே சேர்வர்ர மேக் விலாசத்த (நெட்வேர்க் கார்ட்டின்ர சொந்த நம்பர்) போட்டு ஒரு ஐபிய நிரந்தரமா ஒதுக்குங்க, பிரிண்டருக்கும் அப்படியே செய்யுங்க, இத செட்டப் பண்ற அண்டைக்கே செய்திருந்தா நான் ரெண்டு தரம் வெள்ளிக்கிழமை இரவு மோட்டர்சைக்கிள்ல ஓடியிருக்க தேவையில்ல. கெஸ்ட் வைஃபைல போன கனெக்ட் பண்ணி வச்சிருந்தாலும் இதே கதைதான், கெஸ்ட் லைன் மற்ற மெஷினுகள காட்டாது.

ஒஃபிஸுக்குள்ள நல்லா வேலை செய்யுது, மூதூர்ல இருந்து வருதில்ல

வெளியால வாறத சேர்வருக்கு திருப்பி விட ரவுட்டர்ல போர்ட் ஃபோர்வேர்ட் பண்ணியாச்சு, எல்லாம் சரி, ஆனாலும் வெளியால இருந்து வராது. ரவுட்டர்ர உள்ளுக்கு போய் வெளிப்பக்க ஐபி என்ன எண்டு பாருங்க. 100.64 இல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவதுல தொடங்கினா உங்களுக்கு எண்டு தனி ஐபி இல்ல, கனபேருக்கு ஒரே ஐபிய பகிர்ந்து குடுத்திருக்காங்க, 4ஜி ரவுட்டர்ல இது சாதாரணம். நீங்க எவ்வளவு போர்ட் திறந்தாலும் அது உங்கட வீட்டு உள்கதவ திறந்து வைக்கிற மாதிரிதான், கேட் வேற ஆளின்ர கையில.

நான் செய்தது என்னெண்டா வெளிய ஒரு சின்ன விபிஎஸ் (தனி ஐபியோட இன்டர்நெட்டில இருக்கிற சேர்வர்) வாடகைக்கு எடுத்து, ஒஃபிஸ் சேர்வர்ல இருந்து அதுக்கு வயர்கார்ட் எண்டுற விபிஎன் சுரங்கம் போட்டன். போன்கள் விபிஎஸோட கதைக்கும், அது சுரங்கத்தால ஒஃபிஸுக்கு அனுப்பும். இணைப்ப ஒஃபிஸ்தான் உள்ளுக்கிருந்து தொடங்குறதால ஆரும் மறிக்க மாட்டாங்க. கீப்அலைவ் 25 செக்கன் எண்டு போட மறக்காதீங்க, இல்லாட்டி கொஞ்ச நேரம் டேட்டா போகாட்டி ரவுட்டர் பாதைய மறந்துடும், பிறகு காலம முதல் ஆள் அனுப்புறது தொங்கும். ஆர் என்ன சொன்னாலும் மைஎஸ்கியூஎல்ர 3306 போர்ட்ட வெளிய திறந்து வைக்காதீங்க, ஆப் ஏபிஐயோட, அதாவது சேர்வர் புரோகிராமின்ர வாசலோட மட்டும் கதைக்கட்டும்.

ஒரு போன்ல மட்டும் சேர்டிஃபிகேட் பிழை எண்டு வந்தா அந்த போன்ர திகதிய பாருங்க. எல்லா போன்லயும் ஒரே நாளில வந்தா லெட்ஸ் என்கிரிப்ட் எண்டுற இலவச சேர்டிஃபிகேட்டின்ர 90 நாள் முடிஞ்சு போச்சு, தானா புதுப்பிக்கிற வேலை எங்கயோ நிண்டு போயிருக்கு.

விடிய நிறுத்த மீன் ரிப்போர்ட்ல இல்ல

இதுதான் என்னை ஆக பாடாப் படுத்தினது. கணக்கு பாக்கிற ஐயா ஒரு நாள் ரிப்போர்ட்ட மேசையில விரிச்சு வச்சுக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, 12 ஆம் திகதி சூரை 40 கிலோ எண்டு கிடக்கு. விடியப்பறம் கிண்ணியால மட்டும் அதைவிட கூட நிறுத்தவங்கள், போன்ல சொன்னாங்கள். எங்க போச்சு?"

"லைன் பிரச்சினையா இருக்கும் ஐயா, பாக்கிறன்."

ரெண்டு நாள் லைனத்தான் பாத்தன். கிண்ணியால நிண்ட நானாவ பிழை சொன்னன், அவர் போன தூக்கி காட்டினார், எல்லாம் பச்சை டிக், அனுப்பியாச்சு. பிறகுதான் டேட்டாபேஸ்ல அந்த ஒரு வரிய தேடி எடுத்தன். சூரை, படகு நம்பர் எல்லாம் சரியா கிடக்கு, நேரம் மட்டும் 11 ஆம் திகதி 23:05. நானா நிறுத்தது 12 ஆம் திகதி விடிய 4:35. கழிச்சு பாருங்க, சரியா அஞ்சரை மணித்தியாலம். சேர்வர் யூடிசி எண்டுற உலகப் பொது நேரத்தில ஓடிக்கொண்டு இருந்திருக்கு, எங்கட நேரம் அதைவிட அஞ்சரை முன்னுக்கு, அப்ப விடிய அஞ்சரைக்கு முதல் நிறுத்ததெல்லாம் முதல் நாள் கணக்கில போய் விழுந்திருக்கு. கடையோ அரசாங்க கச்சேரியோ எண்டா காலம எட்டு மணிக்குத்தான் திறப்பாங்க, இந்த பிழை வருஷக்கணக்கா தெரியாமலே கிடக்கும். மீன் யாவாரம் அப்படி இல்லயே, விடிய முந்தித்தான் படகு வரும்.

ஆகவே அறிகுறி இப்படி: நாள் கணக்கு பிழை, ஆனா மாசத்த கூட்டினா கிட்டத்தட்ட சரியா வருது. அப்ப ஒண்டும் துலையல்ல, நாள் மாறி விழுந்திருக்கு. நேரத்த பாருங்க.

சரி பண்றது எப்படி எண்டா, டேட்டாபேஸ்ல யூடிசியிலயே வைக்கலாம், எனக்கு அதுதான் விருப்பம், ஆனா ரிப்போர்ட் நாள வெட்டேக்க இலங்கை நேரத்துக்கு மாத்தி வெட்டணும். இங்க ஒரு குழி இருக்கு. மைஎஸ்கியூஎல்ல கன்வேர்ட்டிஇசெட் எண்டுற ஃபங்ஷனுக்கு "ஏஷியா கொழும்பு" எண்டு பேர குடுத்தா, டைம்சோன் டேபிள் ஏத்தி இல்லாட்டி பிழை எண்டு கத்தாது, பேசாம வெறும் "நல்" (ஒண்டுமில்ல எண்டுற பெறுமதி) திருப்பி தரும், ரிப்போர்ட் வெறுமையா வரும். ஒண்டில் அந்த டேபிள ஏத்துங்க, இல்லாட்டி +05:30 எண்டு நம்பராவே குடுங்க. நான் டேபிள ஏத்தினன். நம்பர் எப்பவும் ஒண்டா இருக்கும் எண்டு என்ன நிச்சயம்? 1996 ல அரசாங்கம் மணிக்கூட்ட முன்னுக்கு தள்ளினது, 2006 ஏப்ரல்லதான் திரும்ப அஞ்சரைக்கு கொண்டு வந்தது, இடைப்பட்ட காலத்தில புலிகளின்ர பக்கம் பழைய நேரம், அரசாங்கத்தின்ர பக்கம் புது நேரம். எங்கட மாவட்டத்தில அந்த நாளையில ஆரோடயும் நேரம் பேசேக்க "எந்த நேரம்?" எண்டு கேக்க வேண்டி இருந்தது. கொம்பியூட்டருக்கு அந்த கதை முழுக்க அந்த டேபிளுக்குள்ள கிடக்கு.

அதோட ரெண்டு நேரத்தையும் வையுங்க, போன்ல நிறுத்த நேரம் ஒண்டு, சேர்வருக்கு வந்து சேந்த நேரம் ஒண்டு. குச்சவெளில சிக்னல் இல்லாம மத்தியானம் வந்து சேர்ற டேட்டாவுக்கு இது இல்லாட்டி சண்டைதான்.

ஒரே மீன் ரெண்டு தரம் பதிஞ்சு கிடக்கு

போன் அனுப்பிச்சு, சேர்வர் பதிஞ்சிட்டு, "சரி" எண்டு சேர்வர் சொல்ல முந்தி லைன் அறுந்து போச்சு. போன் என்ன செய்யும், போகல்ல எண்டு நினைச்சு திரும்ப அனுப்பும். ஆள குறை சொல்லாதீங்க. ஒவ்வொரு நிறுவைக்கும் போனே ஒரு தனி ஐடிய உருவாக்கணும், சேர்வர்ல அந்த ஐடிக்கு யுனிக் கீ போடணும், ரெண்டாம் தரம் வந்தா பதியாம "சரி" எண்டு மட்டும் சொல்லணும். கிலோவும் நேரமும் ஒண்டா இருந்தா அழிக்கிறது எண்டு சில பேர் எழுதுறாங்க, அப்படி செய்யாதீங்க, ஒரே படகில ரெண்டு பெட்டி ஒரே எடை வாறது நெடுக நடக்கிற விஷயம்.

தமிழ் ஒழுங்கா அடிக்குதில்ல

இதுக்குத்தான் பேப்பர்ர படம் வேணும் எண்டு மேல சொன்னது. "தமிழ் வருதில்ல" எண்டு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுவாங்க, ஆனா பேப்பர்ல அஞ்சு விதமா பிழைக்கும், அஞ்சும் அஞ்சு இடத்து பிழை.

எல்லாம் வெறும் பெட்டி பெட்டியா வந்தா டேட்டா நல்லா இருக்கு, சேர்வர்ல தமிழ் எழுத்துரு இல்ல. உங்கட லப்டொப்ல பிடிஎஃப் வடிவா வந்திருக்கும், ஏனெண்டா அதில எழுத்துரு கிடந்தது. சேர்வர்ல நோட்டோ சான்ஸ் தமிழ போடுங்க, முடிஞ்சுது.

கேள்விக்குறி வரிசையா வந்தா கவலைப்படத்தான் வேணும். எங்கயோ தமிழ் தெரியாத ஒரு இடத்துக்கால டேட்டா போயிருக்கு, டேபிள் லத்தின்1 எண்டுற ஐரோப்பிய எழுத்துமுறையில கிடக்கும். டேட்டாபேஸுக்குள்ளயே கேள்விக்குறியா கிடந்தா பழைய எழுத்து திரும்ப வராது, திரும்ப டைப் பண்ண வேண்டியதுதான். டேபிளையும் கனெக்ஷனையும் ரெண்டையும் எல்லா மொழியும் தெரிஞ்ச யூடிஎஃப்8எம்பி4 க்கு மாத்துங்க. தமிழுக்கு மட்டும் எண்டா பழைய யூடிஎஃப்8 உம் போதும், எங்கட எழுத்து மூண்டு பைட்டுக்குள்ள அடங்கும், ஆனா எவனாவது குறிப்பில ஒரு மீன் இமோஜிய போட்டா அது நாலு பைட், அந்த வரி பதியாது இல்லாட்டி வெட்டுப்படும். எங்கட பொடியன் ஒருத்தன் ஒவ்வொரு நிறுவைக்கும் மீன் இமோஜி போட்டவன்.

தலையில கோடு போட்ட சின்ன ஏ-யும் வட்டத்துக்குள்ள ஆர் எழுத்துமா மாறி மாறி வந்தா சந்தோஷப்படுங்க, டேட்டா முழுசா கிடக்கு, வாசிக்கிற இடத்தில மட்டும் பிழை, கனெக்ஷன்ர எழுத்துமுறைய சரி பண்ணினா சரி.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தா, உதாரணத்துக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு வந்தா அது "அம்மா". இது பாமினி, ஆங்கில எழுத்த தமிழ் வடிவத்தில காட்டுற பழைய எழுத்துரு. பழைய எக்செல் ஃபைல்ல இருந்து படகுக்காரர்ர பேரெல்லாம் கொப்பி பண்ணி ஏத்தியிருப்பாங்க. சேர்வர்ல ஒரு பிழையும் இல்ல, யூனிகோட்டுக்கு மாத்தி திரும்ப ஏத்துங்க.

கடைசியா, எழுத்தெல்லாம் தெரியுது ஆனா கொம்பு இடம் மாறி நிக்குது, "கொ" வில முன்னுக்கு நிக்க வேண்டிய கொம்பு பின்னுக்கு நிக்குது. பிடிஎஃப் செய்யிற லைப்ரரிக்கு இந்திய எழுத்த கோக்க தெரியாது. அதோட மல்லுக்கட்டாதீங்க, ரிப்போர்ட்ட எச்டிஎம்எல்லா செய்து, ஸ்கிரீன் இல்லாம ஓடுற குரோம்ல குடுத்து பிடிஎஃப் எடுங்க, அது ஒழுங்கா கோக்கும்.

ரோல் பேப்பர் பிரிண்டர் வேற சாதி. அதுக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது, எழுத்தா அனுப்பினா குப்பைதான் வரும். துண்ட படமா மாத்தி அனுப்பணும், 80 மில்லிமீட்டர் ரோலுக்கு அகலம் 576 புள்ளி, 58 க்கு 384. ஸ்பேஸ் போட்டு நிரை எடுக்கிற வேலையும் சரிவராது. "சூரை" எண்டா கண்ணுக்கு ரெண்டு எழுத்து, கொம்பியூட்டருக்கு நாலு குறி, பைட் எண்டு எண்ணினா பன்னிரண்டு, கிலோ நிரை எங்க போய் நிக்கும் எண்டு நீங்களே யோசிங்க.

ரிப்போர்ட் அடிக்குதில்ல

பிரிண்டர்ர நிலைய காட்டுற எல்பிஸ்டாட்ட சேர்வர்ல அடிச்சு பாருங்க. பிரிண்டர் டிசேபிள் எண்டு கிடந்தா, எப்பவோ ஒரு தரம் பேப்பர் முடிஞ்சோ வயர் கழண்டோ ஒரு பிழை வந்திருக்கும், கப்ஸ் (சேர்வர்ல பிரிண்டர பாத்துக்கொள்ளுற புரோகிராம்) அதோட பிரிண்டர நிப்பாட்டிட்டு பேசாம இருக்கும், பிறகு பேப்பர் வச்சாலும் தானா எழும்பாது. கப்ஸ்எனேபிள் குடுத்து எழுப்புங்க, எழுப்ப முந்தி வரிசையில கிடக்கிற பழைய வேலைகள அழியுங்க, இல்லாட்டி மூண்டு நாள் ரிப்போர்ட்டும் ஒண்டா வந்து பேப்பர் பண்டல் முடியும். பிழை வந்தா நிப்பாட்டாம திரும்ப முயற்சி பண்ண சொல்லி பிரிண்டர்ர எரர் பொலிசிய மாத்தி வைக்கலாம்.

நீங்க டேர்மினல்ல அடிச்சா வருது, ஆப்ல இருந்து அமத்தினா வருதில்ல எண்டா ஆள் வித்தியாசம். வெப் சேர்வர் ஓடுறது வேற யூசர்ல, டிஃபோல்ட் பிரிண்டர் உங்கட யூசருக்கு மட்டும்தான் போட்டிருக்கு. பிரிண்டர் பேர கமாண்ட்லயே குடுத்திடுங்க.

அடியில இருக்கிற மொத்த வரி மட்டும் வெட்டுப்படுது எண்டா பேப்பர் அளவு. ஏ4 297 மில்லிமீட்டர் உயரம், அமெரிக்கன் லெட்டர் 279 தான். கப்ஸ்லயும் பாருங்க, குரோம்லயும் பாருங்க, சொல்லாட்டி குரோம் லெட்டர் எண்டுதான் எடுத்துக்கொள்ளும்.

கரண்ட் வந்தாப் பிறகு எல்லாம் செத்துக் கிடக்கு

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை கிரிட்ல குரங்கு பாஞ்சு நாடு முழுக்க கரண்ட் போச்சே, அந்த மாதிரி நாளில சேர்வர் தானா எழும்பணும். பயோஸ்ல கரண்ட் வந்தா ஒன் ஆகிற செட்டிங்க போடுங்க, புரோகிராம சிஸ்டம்சிடிஎல்ல எனேபிள் பண்ணுங்க, ஸ்டார்ட் மட்டும் பண்ணினா அடுத்த தரம் எழும்பாது. பயோஸ் செட்டிங் நிக்குதில்ல, திகதி பழைய வருஷத்துக்கு போகுது எண்டா போர்ட்ல இருக்கிற சிஆர்2032 பட்டறி செத்திட்டு. யூபிஎஸ்ல சேர்வரையும் ரவுட்டரையும் மட்டும் கொழுவுங்க. லேசர் பிரிண்டர் கொழுவ வேண்டாம், அது சூடாகேக்க இழுக்கிற இழுவைக்கு யூபிஎஸ் கத்திக்கொண்டு நிண்டிடும்.

எழும்பினாப் பிறகு வாசிக்குது, புதுசா பதியுதில்ல எண்டா டிஎஃப் அடிச்சு டிஸ்க் நிறைஞ்சிட்டோ எண்டு பாருங்க, பெரும்பாலும் லொக் ஃபைல்தான் தின்டிருக்கும். மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள்ள கைய வச்சு எதையும் அழிக்காதீங்க.

துண்டு வெறுமையா வருது

மங்கலா வந்தா ஹெட் ஊத்தை, கடக்காத்து உப்பும் மீன் கையும் சேந்தா சும்மா விடுமா, பிரிண்டர ஓஃப் பண்ணி ஆறவிட்டு ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சால மெல்லமா துடையுங்க. பேப்பர் ஓடுது, ஒரு எழுத்தும் இல்ல எண்டா டிரைவர கழட்டி மாட்ட முந்தி ரோல பாருங்க. அந்த பேப்பர்ல ஒரு பக்கத்துக்குத்தான் சூட்டுக்கு கறுக்கிற மருந்து பூசியிருக்கும். நகத்தால ரெண்டு பக்கமும் கீறினா ஒரு பக்கம் கறுப்பா கோடு விழும், அந்த பக்கம் ஹெட்ட பாத்து இருக்கணும். போன மாசம் நான் டிரைவர் மூண்டு தரம் போட்டு, வயர் மாத்தி, சேர்வர் லொக் முழுக்க வாசிச்சு முடிச்சாப் பிறகு, கணக்கு ஐயாதான் வந்து ரோல இழுத்து நகத்தால ஒரு கீறு கீறி பாத்திட்டு, ஒண்டும் சொல்லாம மறுபக்கம் திருப்பி போட்டார். வரிசையில நிண்ட துண்டெல்லாம் ஒண்டொண்டா வந்து விழுந்திச்சு, முதலாவதில அறக்குளா, 18.5 கிலோ.